பாயாவில் அப்பிய ரவை

ரவையைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். அதற்குக் காரணம் என் மாமா.

அம்மாவின் தம்பி அவர். திருநெல்வேலியில் ஒரு பஜனைக் குழுவுக்கு மிருதங்கம் வாசிப்பவர். நான் ஏழாம் வகுப்பு படித்தபோது செகந்திராபாத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து சில நாள் தங்கியிருந்தார். தோல் கட்டிய எந்த வாத்தியத்தைக் கண்டாலும் அது தனக்குத் தெரியும் என்று நினைக்கிற மனிதர்.

அன்று மாலை பள்ளி ஆண்டு விழா. இறைவணக்கப் பாட்டுக்கு நான்தான் தபலா. அந்த இடத்துக்கு நான் சும்மா வந்துவிடவில்லை. வலது பக்கத்து மரத் தபலாவின் விளிம்பில் ஆள்காட்டி விரலால் ‘நா’ மட்டும் தட்டித் தட்டியே மாதங்கள் போயின. அதற்கப்புறம்தான் மாஸ்டர் இடது பக்கத்துப் பாயாவைத் தொடவிட்டார். அது உலோகம், வயிறு பெருத்தது. மணிக்கட்டைத் தோலில் பதித்து, விரல் நுனியால் அடித்து, மணிக்கட்டை மெல்ல முன்னால் தள்ளினால் ‘கே’ என்று ஓர் உறுமல் எழுந்து வளையும். ‘நா’வும் ‘கே’யும் ஒன்றாக விழுந்தால் ‘தா’. அது முதன்முதலில் சரியாக விழுந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அம்மா உள்ளே எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் மாமா கூடத்தில் உட்கார்ந்து என் பாயாவைத் ‘தயார்’ செய்திருக்கிறார். மிருதங்கத்தின் இடது பக்கத் தோலை ஈரப்படுத்தி, நடுவில் ரவையைப் பிசைந்து ஒட்டினால்தான் கனமான ஒலி வரும். கச்சேரி முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுவார்கள். பாயாவுக்கோ அந்தக் கனத்தைத் தருவது தோலிலேயே நிரந்தரமாகப் படிந்திருக்கும் கறுப்பு வட்டம். அதற்குத் தண்ணீர் ஆகாது. மாமா அதன் மேலேயே ரவையை அப்பிவிட்டார்.

நான் வந்து பார்த்துக் கத்தினேன். அவர் பதறிப்போய்ச் சுரண்டினார். ரவையோடு கறுப்பும் அடை அடையாகப் பெயர்ந்து வந்தது. தோல் தொளதொளத்துப் போயிருந்தது.

“ஏளா, அழாத. மாமா வேணும்னா செஞ்சேன்?”

“நக்கோ மாமா, வேணாம். என்கூடப் பேசாதீங்க.”

பள்ளியில் வேறு தபலா கிடையாது. மேடையில் என் கையில் ஒரு ஜோடி தாளத்தைக் கொடுத்து ஓரமாக நிற்க வைத்தார்கள். பாட்டு முடிகிறவரை மாமாவின் தலையிலேயே தட்டுவதாக நினைத்துத் தட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ‘பாசத்தில் செய்துவிட்டார்’ என்று அம்மா வெளியிலிருந்து சமாதானம் சொன்னாள். பாசத்தில் செய்தால் பாழானது பாழில்லையா? அப்போது கூடத்தில் அப்பாவிடம் மாமா பேசுவது கேட்டது.

“அத்தான், புதுத் தோல் போட்டுறலாம். நாளைக்கு நானே கடைக்குக் கொண்டுபோயி மாத்திட்டு வாரேன்.”

“வேணாம் மாப்ள. நீ அதத் தொடாத. அப்படியே கெடக்கட்டும்.”

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தோல் போனால் வாத்தியமே போயிற்று என்று நினைத்திருந்தவளுக்கு மாமா சொன்னது தப்பிக்கப் பேசும் பேச்சாகத்தான் பட்டது. ஜீடிமெட்லா கம்பெனியிலிருந்து களைத்து வந்த நிலையிலும் அப்பா எனக்காக அவரைக் கண்டிக்கிறார் என்று பெருமைப்பட்டேன். மறுநாள் மாமா ஊருக்குக் கிளம்பியபோது நான் வெளியே வரவில்லை. பாயா அலமாரியின் உச்சிக்குப் போயிற்று. ஜோடியில் ஒன்று இல்லாமல் என்ன வகுப்பு? அதுவும் நின்றது.

போன வருஷம் என் மகனின் பாயாவில் ஓட்டை விழுந்தது. கடையில் கொடுத்தேன். காய்கறி வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் புதுத் தோல் ஏறியிருந்தது. கறுப்பு வட்டத்தோடு தயாராகவே விற்கிறார்களாம். பட்டையை இழுத்துக் கட்டினால் முடிந்தது வேலை.

கடை வாசலிலேயே உடம்பெல்லாம் எரிந்தது. அன்றைக்கு ‘அப்படியே கெடக்கட்டும்’ என்றதோடு அப்பா நிறுத்தவில்லை. இன்னொன்றும் சொன்னார். கதவுக்கு இந்தப் பக்கம் அதுவும் தெளிவாகக் கேட்டது.

“எட்டாங்கிளாஸ் வரப்போவுது. பொம்பளப்புள்ள மேடையில சம்மணம் போட்டு உக்காந்து தட்டிக்கிட்டு... நானே எப்படி நிறுத்துறதுன்னு பாத்துக்கிட்டிருந்தேன்.”

அதையும் கேட்டுவிட்டுத்தான் நான் அப்பா கட்சியில் இருந்தேன்.