மார்லெட் கப்பலின் சமையற்காரர்

ஏனோக் திரெயிலுக்கு இடதுகால் கட்டை. முந்தைய கப்பலில் பீரங்கி உருண்டு காலை நசுக்கிவிட்டது. கால் போன மாலுமிக்குச் சமையல் வேலை கொடுப்பது அந்நாளைய ஆங்கிலக் கடற்படையின் வழக்கம். அப்படித்தான் பிளிமத் துறையில் புதிதாய்க் கட்டிய மார்லெட் போர்க்கப்பலுக்கு வந்தார். கப்பல் சும்மா நின்றாலும் சமையற்காரருக்கு அதுதான் வீடு. துறையில் நிற்கும் காலமெல்லாம் மனைவி கெசியாவும் அடுப்பருகே திரை கட்டிக் குடியிருந்தாள். கரையில் அவர்களுக்கு ஒரு கூரை கிடையாது.

சண்டைக்காக அவசரமாய்க் கட்டிய கப்பல். மரம் காயக்கூட விடவில்லை. நாலாம் வருஷம், அடுப்புக்குப் பக்கத்தில் ஏனோக்கின் கட்டைக்கால் பலகைக்குள் புதைந்தது. ஓட்டைக்குள் விரலை விட்டார். அடியில் இருந்த உத்திரமும் நனைந்த ரொட்டி போல் உதிர்ந்தது.

உப்புக்கறி ஊறும் தொட்டியை நகர்த்தி அந்த இடத்தை மூடினார். உளுத்தது தெரிந்தால் கப்பலை உடைத்துவிடுவார்கள். வயதான ஒற்றைக்காலருக்கு இன்னொரு கப்பல் யார் கொடுப்பார்?

அந்த வாரமே மேற்கிந்தியத் தீவுகளுக்குப் புறப்பட உத்தரவு வந்தது. ஞாயிறு ஆராதனையில் இருநூறு பேர் சங்கீதம் பாடினார்கள். எல்லாம் அவர் ஊற்றிய கஞ்சி குடித்த தொண்டைகள். அவருக்கு மட்டும் பாட்டு வரவில்லை. கெசியாவிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

“சொல்லிட்டா நாம எங்கங்க போறது?”

“தெரியல புள்ள. சொல்லாட்டி அவங்க எங்க போவாங்கன்னு தெரியும்.”

கெசியா எழுந்து தொட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள்.

கப்பல் தச்சர் ஹம்ஃப்ரியை ஏனோக்கே போய்க் கூட்டி வந்தார்.

“என்னய்யா, கட்டைக்கால கூரா சீவிட்டு வந்து என் கப்பல ஓட்டை போடுறியா?” என்று கேலி பேசிக்கொண்டே ஹம்ஃப்ரி குனிந்து கத்தியை இறக்கினார். பிடிவரை போயிற்று. அதற்குப் பிறகு அவர் கேலி பேசவில்லை.

“எப்பலேருந்து தெரியும்?”

“ஒரு வாரமா. தொட்டிய வச்சு மூடினது நான்தான்.”

ஹம்ஃப்ரி கத்தியை உருவித் துடைத்தார். “இப்ப நகத்திட்டியே, விடு” என்றார்.

பயணம் நின்றது; கப்பலை உடைக்க உத்தரவாயிற்று. உடைக்கும் துறைக்குள் நுழையுமுன் அடுப்பு நெருப்பை அணைக்க வேண்டும். ஏனோக் தம் கையாலேயே தண்ணீர் ஊற்றி, கர்த்தரை ஸ்தோத்திரித்துவிட்டு இறங்கினார்.

வேறு கப்பல் கிடைக்கவில்லை. துறை வாசலில் பட்டாணிக் கஞ்சி விற்றுப் பிழைத்தார்கள். கரைக்கு வரும் மார்லெட் ஆட்கள் அங்கேதான் குடித்தார்கள்.

ஏழு வருஷம் கழித்து ஏனோக் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். பெட்டியைச் சுமந்தவர்களும் மார்லெட் ஆட்கள்தான். பெட்டியைச் செய்தவர் ஹம்ஃப்ரி. நன்றாய்க் காய்ந்த மரமாய்ப் பார்த்து எடுத்திருந்தார்.