மந்திரியை ஒளித்து வைத்த நான்கு மாதம்

மூன்று வருடங்களுக்கு முன், ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த கையோடு, கல்முனைக்குடியில் நான் கட்டிய வீட்டில் நடந்த சம்பவம் இது. நான் கட்டிய வீடு என்று சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. அத்திவாரக் கல் முதல் கூரை ஓடு வரை என் கை பட்ட வீடு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, பன்னிரண்டு வயதில் மேசன்மாருக்குக் கலவை சுமந்தவன் நான். இன்று கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்கு பஸ்ஸில் போனால், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நான் கட்டிய வீடுகளைக் காட்டிக்கொண்டே போகலாம். பட்டம் படித்த இஞ்சினியர்மார் வரைபடத்தை விரித்து வைத்து, "ஹாஜியார், இது சரி வருமா?" என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நான் சொன்னதுதான் சரி வந்திருக்கிறது. பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

அப்படிப்பட்ட எனக்கு ஒரு பூனை இருந்தது. சாய்ந்தமருதில் ஒரு வீட்டுக்கு அத்திவாரம் வெட்டியபோது, மழைத்தண்ணீர் தேங்கிய கிடங்கில் உள்ளங்கை அளவில் கத்திக்கொண்டு கிடந்தது. சேர்ட் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். வளர்ந்ததும் நல்ல மஞ்சள் நிறம், தடித்த வால். நாள் முழுக்கத் தூங்கும். சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் தவறாமல் எழும்பி வரும். அதைப் பார்த்து என் மனைவி அதற்கு 'மந்திரி' என்று பெயர் வைத்தாள். ஆனால் மந்திரி அவளிடம் போகாது, மகளிடமும் போகாது. என் தோளில் கிடக்கும் துவாயில் தலையை வைத்துத்தான் அதற்குத் தூக்கம் வரும்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் பெண் வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அப்படி என் ஒரே மகளுக்கு மாப்பிள்ளையாக அக்கரைப்பற்றிலிருந்து ஒரு கணித ஆசிரியர் வந்தார். தங்கமான மனிதர். புது மாப்பிள்ளைக்கு உரிய கூச்சம் மட்டும் கொஞ்சம் கூடுதல். தேத்தண்ணியில் சீனி போட மறந்தாலும் குடித்து முடித்துவிட்டுக் கோப்பையைத் தருவார்.

வந்த இரண்டாம் நாள் சாப்பாட்டில் இருக்கும்போது தும்மத் தொடங்கினார். தும்மியவர் "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொன்னால், கேட்டவர்கள் "யர்ஹமுகல்லாஹ்" என்று அவருக்காகத் துஆச் செய்ய வேண்டும். முதல் தும்மலுக்கு நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து சொன்னோம். இரண்டாவதற்கும் சொன்னோம். ஒன்பதாவது தும்மலில் என் மனைவி சோற்றுக் கரண்டியோடு நின்று மூச்சு வாங்கினாள்.

"மூணுக்கு மேல போனா அது தடிமல். பதில் சொல்லத் தேவல்ல," என்று நான் தீர்ப்புக் கொடுத்துவிட்டு, மந்திரிக்கு ஒரு மீன் தலையை எறிந்தேன்.

அந்தச் சளித் தடிமல் ஒரு மாதமாகியும் போகவில்லை. மருமகனுக்குக் கண் இரண்டும் சிவந்து வீங்கிவிட்டன. ஒரு நாள் மகள் என்னைக் குசினிக்குள் கூப்பிட்டாள்.

"வாப்பா, இவருக்குப் பூனை ஒத்துக்காதாம். சின்ன வயசிலிருந்தே அப்படித்தானாம்."

"அத ஏன் இவ்வளவு நாளும் வாயத் திறந்து சொல்லல்ல?"

"வந்த வூட்டுல, வந்தவுடனே ஒரு உசிர வெளிய போடச் சொல்றது சரியில்லையாம். ஒங்களுக்குச் சொல்ல வேணாம் எண்டு எனக்கிட்டயும் சொல்லியிருந்தாரு."

அடுப்படியில் நின்ற என் மனைவி அகப்பையை வைத்துவிட்டுத் திரும்பினாள். "இஞ்ச பாருங்க, இந்த மனிசன் தாங்க ஏலாம அக்கரைப்பத்துக்குத் திரும்பிப் போனா ஊர் என்ன கதைக்கும்? பூனைக்காக மாப்பிள்ளையத் துரத்தின வூடு எண்டு கதைக்கும். நாளைக்கு மந்திரி இஞ்ச இரிக்கப்படாது."

மறுநாள் மந்திரியைக் கூடைக்குள் போட்டு மோட்டார் சைக்கிளில் கொண்டு போனேன். திரும்பி வந்து, மருதமுனையில் ஒரு மேசன் வீட்டில் கொடுத்துவிட்டதாகச் சொன்னேன். "நல்ல மனிசர், புள்ள மாதிரிப் பார்ப்பாரு," என்றும் சேர்த்துக்கொண்டேன். உண்மையில் மந்திரி மருதமுனைப் பக்கமே போகவில்லை. கடற்கரை வீதியில் பலகை, கம்பி, சீமெந்து எல்லாம் வைக்கிற என்னுடைய ஸ்டோரில்தான் இருந்தது. பூனை வீட்டில் இல்லைதானே, சொன்னதில் பாதி உண்மைதானே என்று என் மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

மனைவியும் மகளும் வீட்டைக் கழுவித் துடைத்து, கதிரைச் சீலைகள் எல்லாவற்றையும் துவைத்துப் போட்டார்கள். தும்மல் பாதியாகக் குறைந்தது. ஆனால் முற்றாக நிற்கவில்லை. நான் வேலை முடித்து வந்து, மஃரிப் தொழுதுவிட்டு, மருமகனுக்குப் பக்கத்தில் இருந்து பிளேன்டி குடிக்கிற நேரத்தில் அவருக்குத் தும்மல் வரும். மருமகனைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியபோது டொக்டர், பூனை போய்விட்டது என்று நாங்கள் சொன்னதை நம்பி, என்ன சாப்பிட்டீர்கள், எப்போது தும்மினீர்கள் என்று கொஞ்ச நாளைக்கு எழுதி வைக்கச் சொன்னார்.

அதற்குள் நானே காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். எதற்கும் இன்னொருவரின் மூளையை எதிர்பார்த்து நான் வளரவில்லை.

"இறால்தான்," என்றேன். "பூனை போயும் தும்மல் போகல்ல. அப்ப மந்திரி மேல போட்டது வீண் பழி. இறால், நண்டு, கணவாய் எல்லாம் கிரந்திச் சாப்பாடு. அத நிப்பாட்டிப் பாருங்க, தும்மல் நிக்கும்."

உடம்பில் அரிப்பும் தும்மலும் கிளப்பும் என்று எங்கள் ஆட்கள் பயப்படுகிற சாப்பாடுகளைத்தான் கிரந்தி என்போம். அந்தச் சொல்லைக் கேட்டதும் என் மனைவி ஆடிப்போனாள். புது மருமகனுக்கு ஆக்கிப் போடுவதில் எங்கள் பெண்களுக்கு இருக்கிற ஆசை சொல்லி முடியாது. இறால் ஆணம் என்றால் மருமகனும் இரண்டாம் முறை சோறு கேட்பார். அவர் வாய் திறந்து கேட்ட ஒரே பொருள் அதுதான். அன்றோடு அது நின்றது. பருப்பு, கத்தரிக்காய், பருப்பு, பூசணிக்காய் என்று ஓடியது சாப்பாடு. சொந்தக்காரர் வீட்டு விருந்து ஒன்றில் நண்டை அவருக்கு முன்னால் குவித்து வைத்தார்கள். அதை மெதுவாக என் பக்கம் தள்ளிவிட்டு, "எனக்குப் பருப்புப் போதும்," என்றார். நான் அந்த நண்டையும் சேர்த்துச் சாப்பிட்டேன்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், வீட்டில் இறால் ஆக்காததால் நான் ஸ்டோரில் வேலையாட்களோடு ஆக்கிச் சாப்பிட ஆரம்பித்திருந்தேன். மந்திரிக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. தும்மல் இறாலால்தான் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டதும் மந்திரியைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டு வந்துவிடலாம் என்பது என் திட்டம்.

மந்திரியை ஒளித்து வைத்த நான்காம் மாதம் ஒரு பின்னேரம், மந்திரியை மடியில் வைத்து உண்ணி பார்த்து, சீப்பால் வாரிவிட்டு வீட்டுக்கு வந்தேன். மருமகன் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். வழக்கம் போலப் பக்கத்தில் போய் இருந்தேன். தும்மல் தொடங்கியது. நான் எண்ணவில்லை. கொஞ்ச நேரத்தில் தும்மல் நின்று, அவருடைய நெஞ்சுக்குள்ளிருந்து விசில் அடிப்பது போல ஒரு சத்தம் வந்தது. பேனையை வைத்துவிட்டு மேசையைப் பிடித்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், சொல் வரவில்லை. மகள் ஓடி வந்து அலறினாள். நான் என் தோளில் கிடந்த துவாயை எடுத்து அவருடைய வேர்வையைத் துடைத்து, கழுத்தைச் சுற்றிப் போர்த்திவிட்டேன். துடைக்கத் துடைக்க அவருக்கு மூச்சு இன்னும் இழுத்தது. உதடு கறுத்துக்கொண்டு வந்தது.

வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு அதே டொக்டரிடம் பறந்தோம். என் மகள் வயதுள்ள பெண் டொக்டர். முகத்துக்கு மூடி போட்டு மருந்துப் புகை கொடுத்தார். பத்துப் பதினைந்து நிமிடத்தில் விசில் சத்தம் அடங்கியது. பிறகுதான் எங்களுக்கும் மூச்சு வந்தது. டொக்டர், மகள் மறக்காமல் எடுத்து வந்திருந்த மருமகனின் கொப்பியை வாங்கிப் புரட்டினார். கணக்கு வாத்தியார் அல்லவா, கோடு போட்டு, நேரம் போட்டு, இறாலை நிறுத்திய நாளையும் குறித்து எழுதியிருந்தார்.

டொக்டர் சத்தமாக வாசித்தார். "திங்கள் மத்தியானம் பருப்பு. பின்னேரம் ஆறே முக்கால், பதினொரு தும்மல். செவ்வாய் பூசணிக்காய். ஆறு அம்பது, ஒம்பது தும்மல். வெள்ளி, தும்மல் இல்ல. எல்லா வெள்ளியும் இல்லியே! இதென்ன... மாமா டைல்ஸ் எடுக்கக் கொழும்புக்குப் போன மூணு நாள், தும்மல் இல்ல."

வெள்ளிக்கிழமைகளில் நான் ஸ்டோரைத் திறப்பதில்லை. ஜும்ஆவுக்குக் குளித்து, புதுச் சாரம் உடுத்து, பள்ளிக்குப் போய்விட்டு வீட்டில்தான் இருப்பேன்.

டொக்டர் கொப்பியை மூடினார். "சேர், ஒங்களுக்கு இறால் அலர்ஜி இல்ல. மாமனார்தான் அலர்ஜி போல இரிக்கி."

யாரும் சிரிக்கவில்லை. அவர் எழும்பி வந்து மருமகனின் கழுத்தில் கிடந்த துவாயை இரண்டு விரலால் தூக்கி, லைட்டுக்கு நேரே பிடித்தார்.

"ஹாஜியார், இது யாருட முடி?"

"என்டதா இரிக்கும்," என்றேன்.

என் மனைவி என் வழுக்கையைப் பார்த்தாள். "ஒங்களுக்கு முடி இருந்த காலத்திலயும் அது மஞ்சளா இரிக்கல்லியே!"

அதற்கு மேல் சமாளிக்க முடியவில்லை. மந்திரி, ஸ்டோர், மருதமுனை மேசன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இறால் பங்கு போட்டதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். வாய் ஓடின ஓட்டத்தில் அதுவும் வந்துவிட்டது.

"யா அல்லாஹ்!" என் மனைவி தலையில் கை வைத்தாள். "அஞ்சு நேரமும் தொழுற மனிசன்! நாலு மாசமாப் பூனைக்கு இறால், என்ட மருமகனுக்குப் பருப்பு!"

மகள் கணவனின் நெஞ்சில் கையை வைத்தபடி என்னை ஒரு தடவை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் நான் கட்டிய வீடு ஒன்றும் நிற்கவில்லை. அவருடைய உயிரோடல்லவா விளையாடியிருக்கிறேன்! இவர் இப்போது எழும்பி நேரே அக்கரைப்பற்றுக்கு வேனைத் திருப்பச் சொன்னாலும் மறுத்துப் பேச எனக்கு வாய் இல்லை.

மருமகன் முகத்திலிருந்த மூடியைக் கொஞ்சம் விலக்கினார். எல்லோரும் குனிந்தோம்.

"அப்ப டொக்டர்... இறால் திங்கலாமா?"

முதலில் டொக்டர்தான் சிரித்தார். முன்பு இறால் சாப்பிட்டு ஏதாவது நடந்ததா என்று விசாரித்து, இல்லை என்றதும், "தாராளமாத் திங்கலாம்," என்றார். பிறகு மகள் சிரித்தாள், அழுதாள், திரும்பவும் சிரித்தாள். மனைவி மட்டும் என்னை முறைப்பதை நிறுத்தாமலேயே சிரித்தாள்.

வெளியே வந்ததும் மருமகனின் கையைப் பிடித்துக்கொண்டேன். "வல்லாஹி, நாளைக்கே மந்திரிய உண்மையா குடுத்திடுறன் மகன்."

"வேணாம் மாமா," என்றார். குரல் இன்னும் கரகரத்தது. "நான் வந்து ஒரு ஆள் கூடின வூடு. என்னால ஒரு ஆள் குறையப்படாது. ஸ்டோருல இரிக்கட்டும். நீங்க குளிச்சிட்டு வந்தாப் போதும்."

டொக்டர் சொன்னதும் ஏறக்குறைய அதுதான். பூனை வீட்டுக்குள் வரக்கூடாது. அதைத் தூக்கிய உடுப்போடு நானும் வரக்கூடாது. மருமகன் மருந்தை ஒழுங்காகப் பாவிக்க வேண்டும். மறுநாளே வேலையைத் தொடங்கினேன். ஸ்டோரில் மந்திரிக்குக் கம்பி வலை அடித்து ஓர் அறை, டைல்ஸ் பதித்தே கட்டினேன். இந்தக் கரையில் அப்படி ஒரு பூனை வீடு வேறு எங்கேயும் இருந்தால் காட்டுங்கள். எங்கள் வீட்டு வளவுக்குள் கேற்றை ஒட்டி எனக்கும் ஒரு குளியலறை கட்டினேன். ஸ்டோரிலிருந்து வந்தால் அங்கேயே சாரம், துவாய், சேர்ட் எல்லாவற்றையும் வாளிக்குள் போட்டுவிட்டு, குளித்து மாற்றிக்கொண்டுதான் வீட்டு வாசலை மிதிப்பேன். பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ஹாஜியார் தொழப் போற மாதிரி, சொந்த வூட்டுக்குள்ள போறதுக்கும் கைகால் கழுவி உளூ எடுக்கிறாரு!" என்று கத்துவார். கத்தட்டும்.

தும்மல் இப்போது எப்போதாவது ஒன்று வருகிறது. ஒன்றுதானே, எல்லோரும் சேர்ந்து முழுசாகப் பதில் சொல்கிறோம். சில சனிக்கிழமைகளில் மருமகன் ஸ்டோருக்கு வருவார். உள்ளே வர மாட்டார். வீதியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, ஹோர்ன் அடித்து, "மந்திரியாரே, சுகமா?" என்று கேட்டுவிட்டுப் போவார். மந்திரி ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்க்கும்.

அன்று டொக்டரின் அறையில் நடந்ததை என் மனைவி வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் சொல்லிவிட்டாள். மூச்சுத் திணறிய அந்த மனிதர் மட்டும் இன்றுவரை ஒரு தடவையாவது அதைச் சொல்லிக் காட்டியதில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் அப்படி மன்னித்திருப்பேனா என்று யாராவது கேட்டால், எதைப் பற்றியும் பெருமை பேசத் தயங்காத எனக்கு அந்த ஒரு கேள்விக்கு மட்டும் இன்னும் வாய் வருவதில்லை.