சேச்சியின் முறையீடு

மட்டாஞ்சேரி வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்த என் அப்பாவைப் பார்த்துக்கொள்ள, கும்பளங்கியிலிருந்து தினமும் பஸ்ஸில் ஒரு சேச்சி வந்தார். மெலிந்த உடம்பு, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிறு மரச்சிலுவை. அப்பாவுக்கு ஞாபகம் தப்பி, ஆட்களே அடையாளம் தெரியாமல் போயிருந்தது. கஞ்சி ஊட்டும் கையைத் தட்டிவிடுவார், வாயில் வந்தபடி ஏசுவார். சேச்சி சிந்தியதைத் துடைத்துவிட்டு அடுக்களைக்குப் போவார். சற்று நேரத்தில் வேறு கஞ்சியோடு சிரித்த முகமாகத் திரும்புவார்.

ஒருநாள் கேட்டேன். "உங்களுக்குக் கோபமே வராதா சேச்சி?"

"வராம பின்ன?" என்றார். "அடுக்களையில போயி கர்த்தாவுகிட்ட அப்பாவைப் பத்திக் குத்தம் சொல்லுவேன் மோளே. எல்லாம் கேட்டுட்டு, 'சரி, நீ போயி கஞ்சி கொடு'ன்னு சொல்லுவாரு. அவரு சொன்னா செய்யணுமில்லே?"

அடுத்த வாரம், கஞ்சி ஆறிவிட்டதென்று நானே சேச்சியிடம் சுள்ளென்று பேசிவிட்டேன். அவர் அடுக்களைக்குப் போனார். மனசு கேட்காமல் பின்னாலேயே போனேன். உள்ளே தாழ்ந்த குரல் கேட்டது.

"அப்பாவுக்கு ஓர்மையில்ல, சரி. இந்த மோளுக்கு என்ன, கர்த்தாவே?"

ஓசைப்படாமல் திரும்பி வந்து அப்பாவின் கட்டிலோரம் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் சேச்சி வந்தார். ஒரு கையில் சூடான கஞ்சி, மறு கையில் எனக்குச் சாயா.

"காலையிலேருந்து நீ ஒண்ணும் சாப்பிடல்ல இல்லே? குடி" என்று என் தலையைத் தடவினார்.

அப்பா போய்விட்டார். சேச்சியும் வேறொரு வீட்டுக்குப் போய்விட்டார். அன்று என்னைப் பற்றி அவருக்கு என்ன பதில் கிடைத்ததென்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.