சிவப்பு நூலில் தைத்த டயர்

வெந்துராவின் விரல்கள் மூட்டுவாதத்தில் கோணிப் போயிருந்தன. ஆனாலும் ஊசி அவற்றுக்குக் கட்டுப்பட்டது. மடியில் ஒரு பந்தய சைக்கிள் டயர். டியூபை உள்ளே வைத்து அடிப்பக்கத்தை மூடித் தைக்கிற பழைய வகை. சிவப்பு நூல். சூப் ஆறிக்கொண்டிருந்தது. குடிக்கச் சொன்னால் கேட்கிற ஆளில்லை.

பிரான்சின் தெற்கு எல்லை ஊரான பெர்பின்யாவில், முதியோர் இல்லத்தில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தேன். குளிப்பாட்டியவர்களில் பாதிப்பேரின் முகம் நினைவில்லை. இவரை மறக்கவில்லை. காரணம் பாசமல்ல, கோபம்.

எல்லைக்கு அந்தப் பக்கம், ஸ்பெயினில் எங்கள் கத்தலான் மண்ணில், மலையேற்ற சைக்கிள் பந்தயத்தில் அவர் மூன்று முறை முதலிடம். டயரை அவரேதான் தைப்பார். சிவப்பு நூலில் தைத்தால்தான் ஜெயம் என்று ஒரு நம்பிக்கை. பந்தயம் பார்க்கிற எவருக்கும் அந்த நூல் தெரியும். முப்பத்தொன்பதில் உள்நாட்டுப் போரில் எங்கள் பக்கம் தோற்றது, மலை தாண்டி பிரான்சுக்கு நடந்தோம். பிரான்ஸ் எங்களைக் கடற்கரை மணலில் முள்வேலிக்குள் அடைத்தது. பிப்ரவரி மாதம், கூரை கிடையாது. நானும் அங்கே கிடந்தவள்தான். அப்படி வரவேற்ற நாட்டுக்காகத்தான் அவர் பிறகு, ஜெர்மன்காரர்கள் பிரான்சைப் பிடித்தபோது, அவர்களுக்குத் தெரியாமல் எதிர்ப்பு இயக்கத்தின் கடிதங்களை டயருக்குள் வைத்துக் கடத்தினார்.

ஒருநாள் அவருக்குக் கடும் காய்ச்சல். ரொட்டிக்கடைக்காரர் கல்தெரிக், வெந்துராவின் சைக்கிளில் தான் போவதாகச் சொன்னார். வெந்துரா கடிதத்தை வைத்துத் தைத்துக் கொடுத்தார். பக்கத்திலேயே சாதா நூல் இருந்தது. கை அதற்குப் போகவில்லை, சிவப்பையே எடுத்தது. பாலத்தில் நின்ற போலீஸ்காரன் ரூஃபியாக் பந்தயப் பைத்தியம். நூலைப் பார்த்தான், வெந்துராவின் டயர் ரொட்டிக்கடைக்காரரிடம் எதற்கு என்று சந்தேகப்பட்டுப் பிரித்தான், கல்தெரிக்கை ஜெர்மன்காரர்களிடம் ஒப்படைத்தான். சுட்டுவிட்டார்கள். வெந்துரா காய்ச்சலோடு மலைக்கு ஓடி, போர் முடியும்வரை துப்பாக்கியோடு அங்கேயே இருந்தார்.

ரூஃபியாக்? போரின் கடைசி வாரத்தில் கட்சி மாறி, விடுதலை வீரன் என்று கைப்பட்டை கட்டிக்கொண்டான். பல வருடம் கழித்து, வெந்துரா அந்த டயரைத் தைத்துக்கொண்டிருந்த அன்று, அவன் ஊர் சைக்கிள் சங்கத் தலைவன். மறுநாள் சங்க விழாவில் வெந்துராவுக்குப் பதக்கம் அணிவிக்கப் போகிறவனும் அவனே. சங்கச் சுவரில் பதிக்கப்போகும் விடுதலை வீரர்களின் பெயர்க்கல்லில் அவன் பெயர் உண்டு. கல்தெரிக் பெயர் இல்லை.

"போகாதீங்க பெரியவரே. காய்ச்சல்னு சொல்லிடறேன்" என்றேன்.

"ஒரு தடவை காய்ச்சல்னு படுத்தது போதும், ரெமெய்" என்றார். ஒரு சீட்டை உள்ளே வைத்துக் கடைசித் தையலைப் போட்டார்.

மறுநாள் காலை அவருக்குச் சவரம் செய்துவிட்டு, சக்கர நாற்காலியில் விழாவுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். ரூஃபியாக் பதக்கத்தோடு குனிந்தான். வெந்துரா டயரை அவன் கையில் வைத்தார்.

"உனக்குத்தான் பிரிக்கத் தெரியுமே. பிரி."

"பழசெல்லாம் இப்ப எதுக்கு, சாம்பியன்?"

"பிரிடா."

அவன் பதக்கத்தை மேசையில் வைத்தான், டயரைப் பிரிக்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. காயக்கட்டு வெட்டும் கத்தரி எப்போதும் என் பையில் இருக்கும். டயரை வாங்கித் தையலை வெட்டி, சீட்டை ஒலிபெருக்கியில் படித்தேன். கல்தெரிக்கின் முழுப்பெயர், சுட்ட தேதி, பாலத்தில் பிடித்தவன் பெயர்.

பதக்கத்தை மேசையிலேயே விட்டுவிட்டு நாற்காலியைத் திருப்பினேன். வழியில் வெந்துரா கத்தரியைக் கேட்டு வாங்கி, மடியிலிருந்த டயரில் மிச்சமிருந்த சிவப்பு நூலையும் ஒவ்வொரு தையலாக வெட்டினார்.