வாப்பாவின் விரலில் மை

தேர்தலைப் பற்றி எங்கள் தெருவில் வாப்பாவைவிட அதிகம் பேசியவர் யாருமில்லை. பர்மாவில், போட்டாதாங் படகுத்துறைக்குப் பின்னால் கயிறும் தார்ப்பாயும் பூட்டும் விற்கிற கடை எங்களுடையது. இரண்டு முழம் கயிறு வாங்க வந்தவர்கள் அரை மணி நேரம் தேர்தல் பேச்சைக் கேட்காமல் போக முடியாது. தொண்ணூறாம் வருஷத் தேர்தல் அது. எனக்கு எட்டு வயது. ஊரே கல்யாண வீடு மாதிரி இருந்தது, அதில் மாப்பிள்ளைத் தோழன் மாதிரி வாப்பா திரிந்துகொண்டிருந்தார். அவருக்கு ஓட்டே கிடையாது என்பது எனக்குத் தெரியாது. தெருவுக்கும் தெரியாது.

எல்லாம் பாட்டனார் செய்துவைத்துவிட்டுப் போன வேலை. கீழக்கரையிலிருந்து கப்பலேறி வந்தவர், இதோ அடுத்த வருஷம் ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்று சொல்லிச் சொல்லியே முழு ஆயுளையும் இங்கே கழித்து, இங்கேயே அடக்கமானார். திரும்பப் போகிறவனுக்கு இந்த நாட்டுக் குடியுரிமை எதற்கு என்று, பிள்ளைகளுக்கும் சேர்த்து வெளிநாட்டார் அட்டை எடுத்துவிட்டார். இதே தெருவில் பிறந்து, கீழக்கரையைக் கண்ணால்கூடப் பார்த்திராத வாப்பா, வருஷா வருஷம் கட்டணம் கட்டி அந்த அட்டையைப் புதுப்பித்துத் தலையணை உறைக்குள் ஒளித்து வைத்திருந்தார்.

உம்மாவின் கதை வேறு. அவளைப் பெற்றவள் பர்மியப் பெண் என்பதால் அவளுக்கு இந்த நாட்டு அட்டை இருந்தது. வாப்பாவை 'அக்கோ' என்று பர்மிய முறைப்படி அண்ணன் போட்டுத்தான் கூப்பிடுவாள். அவர் அரசியல் பேச வாயைத் திறந்தால் இவளுக்கு உலை கொதிப்பது ஞாபகம் வந்துவிடும். அப்படிப்பட்டவளின் பெயர், வார்டு ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்த வாக்காளர் பட்டியலில் இல்லை. வெளிநாட்டானின் பெண்டாட்டி வேறு யாராக இருப்பாள் என்று அங்கிருந்த எழுத்தர் விட்டுவிட்டாராம்.

"போவுது விடுங்க அக்கோ, எனக்கு எதுக்கு அதெல்லாம்?" என்றாள் உம்மா.

"எதுக்கா? உனக்கு இருக்குற ஒண்ணை இன்னொருத்தன் எடுத்துக்கிட்டுப் போறான், நீ எதுக்குங்குறே" என்று வாப்பா சத்தம் போட்டார். கடையைப் பூட்டிக்கொண்டு போய், அவளுடைய அட்டையை எழுத்தரின் மேசையில் வைத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். நாளைக்கு வா என்றார்கள், போனார். அதற்கும் மறுநாள் போனார். கடைசியில் இந்த முகத்தை இனி பார்க்க முடியாது என்கிற அலுப்பில் பெயரைச் சேர்த்துக்கொண்டார்கள். அன்று ராத்திரி எங்கள் வீட்டில் பிரியாணி.

தேர்தலன்று காலையில் உம்மா பர்மியப் பெண்களைப் போலத் தனக்காக் கட்டையை அரைத்து முகத்தில் பூசி, பெருநாளுக்கு எடுத்த துணியை உடுத்திக்கொண்டாள். எதிர்வீட்டு டோடோ வந்து கூப்பிட்டார். பர்மியப் பெரியம்மாக்களை நாங்கள் டோடோ என்போம். வாப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

"நீங்க முன்னால போங்க. சரக்கு வருது, எறக்கி வச்சுட்டு நான் பின்னாடியே வர்றேன்."

உம்மா அவரை நிமிர்ந்து பார்க்காமல் சரி என்றாள். நான் ஓட்டுச்சாவடி வாசலில் ஐஸ் தின்றுகொண்டு காத்திருந்தேன். டோடோவும் உம்மாவும் கைகோத்தபடி வெளியே வந்தார்கள். நாங்கள் வீடு திரும்பியபோது வாப்பா இல்லை. சரக்கும் வந்திருக்கவில்லை.

மத்தியானம் எங்கள் வீட்டு வாசலில் டோடோவும் அக்கம்பக்கத்தாரும் முக்காலி போட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது வாப்பா தெருமுனையில் தெரிந்தார். நடையே புதிதாக இருந்தது. வந்தவர் இடது கையால் நெற்றி வியர்வையைத் துடைத்தார், பிறகு அதே கையால் மோவாயைச் சொறிந்தார். சுட்டுவிரலில் நீலமாக மை.

"அது என்ன மை?" என்று பர்மிய மொழியில் கேட்டான் மாடிவீட்டு அண்ணன்.

"ஓட்டுப் போட்டா வைப்பாங்கல்ல? லேசுல அழியாது இது" என்றார் வாப்பா.

கப்பல்காரர்கள் விட்டுப்போகும் பழைய தமிழ் வாரப் பத்திரிகைகளில், இந்தியாவில் ஓட்டுப் போட்டவர்கள் மை விரலைக் காட்டிச் சிரிப்பதை அவர் பார்த்திருக்கிறார். ஓட்டைப் பற்றி அவருக்குத் தெரிந்த உலகம் அதுதான்.

மாடிவீட்டு அண்ணன் தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எங்க யாருக்கும் வைக்கலியே!" என்று சிரிக்கத் தொடங்கினான். மற்றவர்களும் குனிந்து தங்கள் விரல்களைப் பார்த்தார்கள். வாப்பாவின் கை மெல்லச் சட்டைப் பைக்குள் போயிற்று. அவர் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை.

உம்மா உள்ளே எழுந்து போனாள். தேநீரோடு திரும்பி வந்து வாப்பாவிடம் கோப்பையை நீட்டினாள். அவளுடைய சுட்டுவிரலிலும் நீல மை.

காலையில் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே வரிசையில் நின்றவர் டோடோ. விரலை ஒரு தடவை பார்த்தார், உம்மாவின் முகத்தை ஒரு தடவை பார்த்தார். "ஆமாடா, கொஞ்சப் பேருக்கு வச்சாங்க. எனக்குத்தான் வைக்காம வுட்டுட்டாங்க" என்று பர்மிய மொழியில் சொல்லி, மாடிவீட்டு அண்ணனை வெற்றிலை வாங்கிவர விரட்டினார். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

அந்தத் தேர்தல் முடிவு என்ன ஆயிற்று என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஜெயித்தவர்களிடம் ராணுவம் ஆட்சியைக் கொடுக்கவேயில்லை. ஓட்டுப் போட்ட உம்மாவும் போடாத வாப்பாவும் அதன்பிறகு ஒரே மாதிரி வாயை மூடிக்கொண்டார்கள். இருபது வருஷம் கழித்து, அடுத்த தேர்தலில் நான் என் முதல் ஓட்டைப் போட்டுவிட்டு இடது கையை நீட்டிக்கொண்டு நின்றேன். "என்ன வேணும்?" என்றார் அங்கிருந்த அம்மாள். மை என்றேன். "அதெல்லாம் இங்க எந்தக் காலத்திலும் வச்சதில்லை" என்று சிரித்தார். வெளியே வந்து சுவரோரமாக நின்று அழுதேன். வாப்பா அப்போது உயிரோடு இல்லை.

எட்டு வயதில் எனக்கு வேறு கவலை. ஐந்து வேளைத் தொழுகைக்கும் கை கால் கழுவியதில் வாப்பாவின் மை மறுநாளே போய்விட்டது. உம்மாவும் அதே ஐந்து வேளை தொழுகிறவள்தான், ஆனால் அவள் கடைத்தெருவுக்குக் கிளம்பும்போதெல்லாம் விரல் புத்தம்புது நீலமாக இருந்தது. இந்தப் பக்கம் என் பள்ளிக்கூட மைப்புட்டி நாளுக்கு நாள் குறைந்துகொண்டு வந்தது. தம்பிதான் கொட்டுகிறான் என்று அவன் முதுகில் இரண்டு வைத்தேன். அலறியவனை உம்மா ஓடிவந்து தூக்கி, நீல விரலால் அவன் வாயில் வெல்லத்தை ஊட்டினாள். வாப்பா சொன்னது சரிதான், ஓட்டு மை அழியாது என்று நினைத்துக்கொண்டேன். பாவம், அவருக்கு மட்டும் மட்டமான மையை வைத்துவிட்டார்கள்.