வேலிக்கு வெளியே நின்ற கார்

காருக்கு நம்பர் எடுப்பதில் நான் பிடித்த பிடிவாதம் கிள்ளானில் எங்கள் வீட்டு வரிசை முழுக்கத் தெரியும். கூட்டினால் ஒன்பது வரவேண்டும். நாலு எங்கேயும் வரக்கூடாது. சீனர் பாஷையில் நாலு என்றால் சாவு மாதிரி ஒலிக்குமாம், மூலைக்கடைச் சீனத்தி சொல்லிச் சொல்லி எனக்கும் ஒட்டிக்கொண்ட பயம் அது. அப்படி ஒரு நம்பருக்காகப் பத்து நாள் கூடுதலாகக் காத்திருந்தோம். என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. நாட்டின் சொந்தக் கார் என்று ஒன்று ரோட்டுக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை.

அவர் பெட்டாலிங் ஜெயாவில் பாகங்களைச் சேர்த்துக் கார் பூட்டும் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தார். ஜப்பானிலிருந்து பாகங்கள் மரப்பெட்டிகளில் போர்ட் கிள்ளானுக்கு வரும். அங்கிருந்து லோரியில் ஏறித் தொழிற்சாலைக்குப் போகும். இவர்கள் அதைக் காராக்குவார்கள். இவர் கதவைப் பொருத்திப் பூட்டுகிறவர். தெருவில் யாராவது கார்க் கதவைச் சாத்தினால், சத்தத்தை வைத்தே தங்கள் லைனில் பூட்டியதா இல்லையா என்று சொல்லிவிடுவார். பெருமைக்கு மட்டும் குறைச்சலில்லை. ஆனால் மனிதர் வேலைக்குப் போய்வந்தது ஒரு ஓட்டை மோட்டார் சைக்கிளில்.

கிள்ளானிலிருந்து அந்த நெடுஞ்சாலையில் லோரிகளுக்கு நடுவே தினமும் போய் வரவேண்டும். ஒரு மழை நாளில் சறுக்கி விழுந்தார். பின்னால் வந்த லோரியின் சக்கரம் ஒரு முழம் தள்ளி நின்றது. முட்டி கிழிந்து வந்தவர் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றார். லோரி விஷயம் கூட வந்தவர் சொல்லித்தான் தெரியும். அன்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய்கூட அடங்கிப்போனது.

தொழிற்சாலையில் ஆட்களுக்குச் சலுகை விலையில் கார் கொடுப்பார்கள். அதற்கு ஒரு வரிசை உண்டு. மூன்று வருஷமாக அந்த வரிசையில் இருந்தார். இதற்குள் ஜப்பான் பாகங்களின் விலையும் வரியும் ஏறிவிட்டன. நாட்டுக் காருக்கோ அரசாங்கம் வரியைக் குறைத்திருந்தது. சலுகை விலையைவிட அது மலிவு. அவருடைய தம்பி, பள்ளிக்கூட வாத்தியார், சாப்பிட வந்த இடத்தில் பிரசங்கம் ஆரம்பித்தார். நாட்டுக் காரை வாங்கினால் நாட்டுக் காசு வெளியே போகாது, இதுகூடவா புரியவில்லை என்றார். என் வீட்டுக்காரர் கை கழுவிவிட்டு வந்துதான் பதில் சொன்னார்.

"பேருதான்டா ஜப்பான். பூட்டுறது நாங்க. அதை எவனும் வாங்கலன்னா எந்த நாட்டுக்காரன் வயிறுடா காயும்?"

தம்பி சிரித்து மழுப்பினார். நான் குறுக்கே விழுந்தேன். "நாடு, ஜப்பான் எல்லாம் எனக்குத் தெரியாதுங்க. நீங்க முழுசா வீட்டுக்கு வரணும். அவ்வளவுதான்."

அடுத்த வாரம் அவர் போய் நாட்டுக் காருக்குக் கையெழுத்துப் போட்டார்.

தொழிற்சாலையில் ஒரு வழக்கம் இருந்தது. அங்கே பூட்டிய கார் என்றால் வேலிக்கு உள்ளே நிறுத்தலாம். மற்றதெல்லாம் வெளியே, லோங்காங் என்கிற சாக்கடை ஓரம், அந்த நாற்றத்தில் நிற்கவேண்டும். தொழிலாளிகளின் கார்களில் அங்கே முதலில் போய் நின்றது எங்களுடையதுதான். வாசலில் காவல் நிற்கும் ஜாகா ஒரு பழைய பட்டாளத்துக்காரர், தமிழர், எத்தனையோ வருஷமாக இவருக்கு கேட்டைத் திறந்துவிட்டவர். அன்று ஒரு மாதிரி சிரித்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கார் நம்பரை எழுதிக்கொண்டாராம். மேலிடத்தில் எழுதச் சொல்லியிருக்கிறார்கள் என்றாராம். சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்து இதைச் சொன்னபோது, எதற்காம் எழுதுகிறார் என்று மூன்று தடவை கேட்டேன்.

பிறகு பெயின்ட் பகுதியிலிருந்து ஒருவர் நாட்டுக் கார் வாங்கினார். சீட் பூட்டும் சீனர் ஒருவர் வாங்கினார். சூப்பர்வைசரின் மச்சான் வாங்கினார். தினமும் ஜாகா லோங்காங் ஓரமாக நடந்து எழுதினார். முதலில் ஓவர்டைம் நின்றது. பிறகு சனிக்கிழமை வேலை நின்றது. பெட்டி பிரித்த பலகைகளை ஆட்கள் வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். எங்கள் அடுப்படி அலமாரி முழுக்க அந்தப் பலகைதான். பக்கத்து வீட்டு அக்கா கோழிக்கூண்டுக்கு நாலு பலகை கேட்டிருந்தார். மாதம் இரண்டாகியும் ஒரு பலகை வரவில்லை. அக்கா சும்மாதான் கேட்டார், ஜப்பான் பெட்டி வருவதே குறைந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது?

ஆட்குறைப்பு வந்தால் நோட்டில் இருக்கிறவர்களுக்குத்தான் முதல் கடிதம் என்று பேச்சு. நான் அம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். காரை நாலு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்து போங்கள் என்று அவரிடம் கெஞ்சினேன். "வாங்கினதை ஒளிச்சு வைக்கவா?" என்று கேட்டுவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒரு திங்கட்கிழமை காலை அந்த லைனையே மூடினார்கள். உள்ளே நிறுத்தியவர், வெளியே நிறுத்தியவர், எல்லோருக்கும் ஒரே கடிதம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அன்று எனக்கு ஒரு நிம்மதி. நோட்டினால் இல்லை, அப்படியென்றால் என்னால் இல்லை. இரண்டு மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தவருக்குக் கடைசியில் போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டும் வேலை கிடைத்தது. எந்த லோரிக்குப் பயந்து கார் வாங்கச் சொன்னேனோ, அதையே அதே சாலையில் ஓட்டினார்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குக் காரைக் கோயிலுக்குக் கொண்டுபோனோம். பூஜைக்கு நின்ற வரிசையில் பெரும்பாலும் நாட்டுக் கார்தான். அவர் எலுமிச்சம்பழம் வாங்கப் போயிருந்தார். முன்னால் நின்ற காரிலிருந்து இறங்கி, எங்கள் நம்பரைப் பார்த்துக்கொண்டே வந்தவர், தான்தான் அந்தத் தொழிற்சாலை ஜாகா என்றார்.

"ஒம்போது கூட்டு நம்பர், மறக்குமா தங்கச்சி? புக்குல முதல் நம்பரே இதுதான்."

அந்த நோட்டு எதற்கு அண்ணே, கடைசியில் எல்லோரையும்தானே அனுப்பினார்கள் என்று கேட்டேன்.

"நம்பரை யாரு பார்த்தா? மேனேஜர் கேட்டது எண்ணிக்கைதான் லா. வேலிக்கு வெளிய எத்தனை, உள்ள எத்தனை. உள்ள நின்னதைவிட வெளிய கூடிப்போன அன்னைக்கு, நம்ம ஆளுங்களே வாங்காத காரை வேற எவன் வாங்குவான்னு கேட்டாரு. அதோட எழுத வேணாம், லைனை மூடப்போறோம்னுட்டாரு." தன் காரைத் திரும்பிப் பார்த்தார். "அன்னைக்குக் கடைசியா வெளிய வந்து நின்னது என்னோடது."

முதலில் நின்றது எங்களுடையது, வாங்க வைத்தது நான். அவர் போய்த் தன் காரில் ஏறிக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் பழத்தோடு வந்து, ஜாகா என்ன சொன்னார் என்று கேட்டார்.

"நல்ல நம்பர்னு சொல்றாரு."

"பத்து நாள் என் உயிரை எடுத்தியே, வீண் போகல பாரு" என்று சிரித்தார். பிறகு குனிந்து சக்கரத்துக்கு ஒன்றாக நாலு பழத்தையும் வைத்தார். லோரிக்கு நேரமாகிறது, ஐயரைச் சீக்கிரம் வரச்சொல் என்றார்.