தொப்பியில் பெட்ரோல் வாசனை

கூடுவாஞ்சேரி வீட்டு பால்கனியில், மகளின் நாடகத் தொப்பியில் படிந்த எண்ணெய்க் கறையைப் பெட்ரோல் தொட்ட துணியால் ஒற்றிக்கொண்டிருந்தேன். வாசனை ஏறியதும் நான் வளர்ந்த நெம்மேலி வீட்டு வாசல் நினைவுக்கு வந்துவிட்டது.

அப்பாவுக்குக் கோவளத்து ஹோட்டல் ஒன்றில் கதவு திறந்துவிடும் வேலை. தலை நிறையத் தேங்காய் எண்ணெய் வைக்காமல் அம்மா அவரை அனுப்ப மாட்டாள். அதெல்லாம் ஹோட்டல் கொடுத்த வெள்ளைத் தொப்பியில் ஊறி மஞ்சளாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை அப்பா பெட்ரோல் தொட்டுத் தொப்பி துடைக்கும்போது அம்மா அடுப்பே பற்றவைக்க மாட்டாள். நாங்கள் பழைய சோறு சாப்பிடுவோம்.

"வாசல்ல குந்திகினு தொடை. ஊத்தாத, துணியில தொட்டு ஒத்து. பீடி கீடி பத்தவெச்ச, அவ்ளோதான்" என்பாள் அவரிடம்.

பிறகு நாள் முழுக்கத் தொப்பி கடற்காற்றில் கொடியில் ஆடும்.

ஒரு ஞாயிறு மழை பிடித்துக்கொண்டது. தொப்பி சரியாகக் காயவில்லை. மறுநாள் பள்ளிக்கு மழை விடுமுறை. அப்பாவுக்கு மதியச் சாப்பாடு ஹோட்டலுக்குக் கொண்டுபோனேன். அப்பா தொப்பியைக் கையில் பிடித்தபடி மேனேஜர் முன்னால் நின்றிருந்தார்.

"இன்னாய்யா, பெட்ரோல் பங்க் மாதிரி நாறிகினு நிக்கிற? பின்னால கேட்டுக்குப் போ."

அப்பா என்னைப் பார்த்துவிட்டார். அவசரமாகத் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். நான் குனிந்து தூக்குப்பாத்திரத்தையே பார்த்தேன்.

அதன்பின் அவர் எண்ணெயே வைக்கவில்லை. "சளி புடிக்குது" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார்.

"சூப்பரா போச்சும்மா கறை! யாரு உனக்குச் சொல்லிக் குடுத்தா?" என்றாள் மகள்.

"போன்ல ஏதோ வீடியோவுல பாத்தேன்" என்றேன், தொப்பியிலிருந்து கண்ணை எடுக்காமல்.